ஓய்ந்திருந்த உடலை மீண்டும் பழக்குதல்

2023 ஆம் ஆண்டு மாரி தொடங்குவதற்கு முன்னர், வன்னியில் ஒரு சிறிய குளத்தின் திருத்த வேலையைப் பார்ப்பதற்காக நாம் மூவர் போயிருந்தோம். மோட்டார் சைக்கிள்களை வயற்கரையில் விட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறவேண்டியிருந்தது. கட்டு ஒன்றும் பெரியதல்ல. பதினைந்து அடி உயரம் இருக்கலாம். கமக்காரர் அமைப்பின் பொருளாளர் எழுபது வயதை எட்டிக்கொண்டிருப்பவர். துருசு எந்த இடத்தில் வெடித்திருக்கிறது, கட்டில் எத்தனை கறையான் புற்றுகளை வெட்டி நிரப்பவேண்டியிருந்தது என்பவற்றைச் சொல்லிக்கொண்டே அவர் முன்னால் ஏறினார். மேலே போனதும் திரும்பி எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். மறுமொழி சொல்ல எம்மில் ஒருவரிடமும் மூச்சு இருக்கவில்லை.

"இதில கொஞ்சம் இருங்கோ தம்பியவை. கட்டு ஒரு இடமும் ஓடாது" என்றார் ஐயா.

கிராமங்களுக்குப் போய் உழைப்பின் மேன்மை பற்றிக் கூட்டம் வைப்பவர்கள் நாம். திரும்பி வரும் வழியில் தேநீர்க் கடையொன்றில் இருந்து கணக்குப் பார்த்தோம். எம்மில் ஒருவர் இளவயதில் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடியவர். மற்றவர் தகப்பனாருடன் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர். மூன்றாமவர் 1990 களின் தொடக்கத்தில் எரிபொருள் தடையிருந்த காலத்தில் அரிசி மூட்டையையும் விறகையும் சைக்கிளில் ஏற்றி நாளுக்கு முப்பது கிலோமீற்றர் ஓடியவர். இப்போது மூவருக்கும் ஐம்பது வயதை அண்டிய பருவம். ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்குப் பிரஷர். மூன்றாமவர் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எம்மைப் போன்றவர்கள் இன்று ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். ஆகவே, பல வருடங்கள் அசையாது இருந்த உடலை மீண்டும் உழைப்புக்குப் பழக்குவது எப்படி, அதற்கு வேண்டிய மனத்தை எங்கிருந்து பெறுவது என்பதைப் பற்றி, நாம் அறிந்தவற்றையும் பட்டவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகின்றோம்.

உழைப்பு எப்போது நின்றது?

எமது மூத்தோர் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்ததில்லை. துலா மிதித்தார்கள், பட்டை பிடித்தார்கள், உரலில் மா இடித்தார்கள், வேலிக்குக் கதியால் நட்டுக் கிடுகு கட்டினார்கள். பாயில் இருந்து உண்டு, கையை ஊன்றாமலே எழுந்தார்கள். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, மில் வந்தது, மதில் வந்தது. பிளாஸ்டிக் கதிரை வந்த பிறகு பாய் சுருட்டி வைக்கப்பட்டது. இவை எல்லாம் நல்லவையே. துலாவில் இருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களை அறிந்த எவரும் அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் வேலை போனபோது அதனுடன் சேர்ந்து போன அசைவுக்குப் பதிலாக எதையும் நாம் வைக்கவில்லை.

வன்னி மக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 இல் முகாம்களில் இருந்தபோது கொத்த நிலமில்லை, போக இடமில்லை. வரிசையில் நிற்பதும் கூடாரத்தில் இருப்பதுமே நாளின் வேலையாயிற்று. ஊர் திரும்பிய பின்னரும் கண்ணிவெடி அகற்றப்படும்வரை பலர் தமது காணியை எட்ட நின்றே பார்த்தனர். இழப்பின் பாரத்தோடு அப்படியே இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. உடல் ஓய்ந்ததற்கு மனம் ஓய்ந்தது காரணமாயின், அசைவைப் பற்றிப் பேசுமுன் அந்த மனிதரோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

மனவுறுதி என்ற மாயை

"மனம் வந்தால் செய்வேன்" என்பதே இவ்விடயத்தில் நாம் அதிகம் கேட்ட வார்த்தை. நாமும் சொன்ன வார்த்தை. இது சரிதானா என்று பார்க்க 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் போதும். அவ்வாண்டு ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளைத் தவிர ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரும் பின்னரும் நீண்ட வரிசைகள். அந்த மாதங்களில் எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். பத்து வருடமாக மிதிக்காதவர்கள் நாளுக்கு எட்டு, பத்துக் கிலோமீற்றர் மிதித்தார்கள். முதற் கிழமை நொந்தது. மூன்றாம் கிழமை நோவு மறந்துபோயிற்று. கியூஆர் அட்டை வந்து பெற்றோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிள் மறுபடியும் கோடிக்குப் போயிற்று.

அந்த மாதங்களில் எமக்குத் திடீரென மனவுறுதி பிறந்துவிட்டதா? இல்லை. போகவேண்டிய இடம் இருந்தது, வேறு வழி இருக்கவில்லை. கால் முதலில் மிதித்தது. மனம் பின்னால் வந்து சேர்ந்தது. அதே மனிதர்களிடம் அதே உடல் இன்னும் இருக்கிறது. இல்லாமற் போனது தேவை மட்டுமே. ஆகவே, மனம் வரும்வரை காத்திருப்பதை விட்டு, சிறிய தேவைகளை நாமே உண்டாக்கிக்கொள்வதே வழி என்பது எமது கருத்து.

உதாரணமாக, உதைபந்தாட்டக்காரர் வீட்டுக்குக் காலையில் பால் கொண்டுவந்து கொடுத்த பையனை நிறுத்திவிட்டார். பால் வேண்டுமானால் முக்கால் மைல் நடந்து அவரே போய் வாங்கவேண்டும். போகாவிட்டால் வீட்டில் தேநீருக்குப் பால் இல்லை; மனைவியின் முகத்தையும் பார்க்கவேண்டும். "உடம்புக்காக நடக்கிறேன்" என்று புறப்பட்ட முயற்சிகள் அவருக்கு மூன்று முறை தோற்றன. பாலுக்காக நடந்தது நின்றுவிட்டது. நிலைத்தது என்ற பொருளில் சொல்கிறோம். மற்றவர் கோயில் வளவில் நட்ட பத்துத் தென்னங்கன்றுகளுக்கு வாளியால் நீர் ஊற்றும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கன்று வாடினால் ஊரே பார்க்கும்.

உடல் மறப்பதில்லை

"இந்த வயதில் இனி என்ன?" என்பது அடுத்த தடை. இதற்கு மறுமொழியாக அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வை விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

1966 இல் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில், இருபது வயதுடைய, சுகதேகிகளான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் தொடர்ச்சியாகக் கட்டிலில் படுக்க வைக்கப்பட்டார்கள். அக்காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் வைப்பது வழக்கமாயிருந்தது. அதனால் உடலுக்கு என்ன நடக்கின்றது என்று அறிவதே நோக்கம். மூன்று வாரம் முடிந்தபோது, கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு ஏறத்தாழக் கால்வாசி குறைந்திருந்தது. பின்னர் சில வாரப் பயிற்சியில் அவர்கள் அதை மீட்டுக்கொண்டார்கள்.

முப்பது வருடங்களின் பின், 1996 இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். ஐந்து பேரும் நடுவயதினர். உடலில் கொழுப்பின் பங்கு இரண்டு மடங்காகியிருந்தது. ஆனால் முப்பது வருட மூப்பு அவர்களின் உழைக்கும் சக்தியைக் குறைத்த அளவு, இளவயதில் மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவை விடச் சிறியது! அடுத்து ஆறு மாதங்கள், படிப்படியாகக் கூட்டி, கிழமைக்கு நாலரை மணித்தியாலம் வரை நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பழக்கினார்கள். ஆறு மாத முடிவில், முப்பது வருடத்தில் இழந்த அந்தச் சக்தி முழுவதையும் அவர்கள் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

ஐந்து பேர் மிகச் சிறிய தொகைதான். எல்லோருக்கும் முழுவதும் திரும்பும் என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் நாம் "வயது" என்று பெயர் சூட்டும் தளர்ச்சியில் எவ்வளவு பங்கு உண்மையில் வெறும் இருப்பினால் வந்தது என்பதை இது காட்டுகின்றது.

நடுவயதோடு இது முடிந்துவிடவும் இல்லை. 1990 இல் பொஸ்ரன் நகர முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை அண்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக ஒன்றே முக்கால் மடங்கு கூடியது. எமது வீடுகளில் "அம்மாவை எழும்ப விடாதேங்கோ, விழுந்திடுவா" என்று கதிரையில் இருத்தி வைக்கின்றோம். அன்பினாற் செய்கின்றோம். ஆனால் எழும்பாத கால் மேலும் வலுவிழக்கின்றது. ஒரு நாள் இரவில் கழிப்பறைக்குப் போக எழும்பும்போது அது தாங்குவதில்லை. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, இங்கு தனித்திருக்கும் முதியவர்களுக்கு எழும்ப முடிவது என்பது சொந்த வீட்டில் வாழ முடிவதா இல்லையா என்ற கேள்வி.

தொடங்கும் முறை

பழைய ஆட்டக்காரர்கள்தான் மிக ஆபத்தில் இருப்பவர்கள். அவர்களின் மனம் இருபது வயதில் நிற்கின்றது, குதிக்கால் நரம்போ ஐம்பதில் நிற்கின்றது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் "முதியோர் ஓட்டம்" என்று அறிவித்தவுடன் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, நாரியைப் பிடித்தபடி திரும்பியவர்களை எல்லா ஊரிலும் காணலாம். கயிறிழுத்தலும் அப்படியே.

முதல் இரண்டு கிழமைகளில் உங்களால் முடியும் என்று நினைப்பதில் பாதியை மட்டும் செய்யுங்கள். இருபது நிமிடம் நடக்கலாம் என்று தோன்றினால் பத்து நிமிடத்தில் திரும்புங்கள். இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்ற எண்ணத்தோடு வீடு வருபவர் மறுநாளும் போவார். நாக்குத் தள்ள வருபவர் போகமாட்டார்.

இரண்டாம் நாள் நோவைப் பற்றி முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். பழக்கமில்லாத வேலை செய்த தசை அன்றே நோவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே கூடுதலாக நோகும். நாலைந்து நாளில் தானாகவே போய்விடும். பலர் இதை நோயென்று எண்ணி, எண்ணெய் பூசிப் படுத்து, அத்தோடு முயற்சியைக் கைவிடுகிறார்கள். அந்த நாட்களில் மெதுவாக நடப்பது நல்லது. மூட்டு வீங்கினாலோ, ஒரே இடத்தில் குத்தினாலோ அது வேறு, அதைக் காட்டவேண்டும்.

எவ்வளவு வேகம் என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை இத்தகைய மிதமான அசைவும், இரு நாட்கள் தசைக்கு வலுவூட்டும் வேலையும் வேண்டும் என்கின்றது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தாற்றான் கணக்கு என்று முன்னர் இருந்த நிபந்தனையை அவ்வழிகாட்டல் நீக்கிவிட்டது. இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று பலர் சொல்வார்கள். அந்த எண் 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரில் இருந்து பரவியது. எட்ட முடியவில்லை என்று எவரும் கவலைப்படத் தேவையில்லை.

வலுவூட்டலுக்கும் செலவில்லை. சுவரோடு சாய்த்து வைத்த கதிரையில் இருந்து, கையை ஊன்றாமல் எழுந்து இருப்பது. முதலில் ஐந்து தடவை. பின்னர் பத்து. கால் முடியாதவர்களும் செயற்கைக் கால் அணிந்தவர்களும் கதிரையில் இருந்தபடியே இரு ஒரு லீற்றர் போத்தல்களில் நீர் நிரப்பித் தூக்கலாம். மண்வெட்டி வேலை இருந்தால் இவை எதுவும் வேண்டாம். ஆனால் முதல் நாளே பத்துப் பாத்தி கொத்தவேண்டாம்.

எதை அளப்பது?

தராசை நம்பித் தொடங்கியவர்கள் தராசினாலேயே கைவிடுகிறார்கள். நடையினால் மட்டும் நிறை விரைவில் குறைவதில்லை. டலஸ் ஆய்வில் சக்தி முழுவதும் திரும்பியபோதும் நிறை சிறிதளவே குறைந்தது. ஆகவே வேறு கணக்கு வையுங்கள். சந்திக்குப் போகும் வழியில் எத்தனை தரம் நின்றீர்கள்? முப்பது செக்கனில் கதிரையில் இருந்து எத்தனை தரம் எழுந்தீர்கள்? ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். எமது மூன்றாமவர் ஓர் அரிசிக்கடைக் கலண்டரில் நடந்த நாட்களுக்குப் புள்ளடி போட்டார். மூன்று மாதத்தின் பின் அந்தக் கலண்டரைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

சீனி வருத்தக்காரருக்கு இன்னுமொரு நல்ல செய்தி உண்டு. வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலும் இரத்தத்தில் உள்ள சீனியை உள்ளெடுக்க வல்லது. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலே, சாப்பாட்டின் பின் ஏறும் சீனியின் அளவு குறையும். வருத்தம் வராமல் தடுக்கவும் இது உதவும். சென்னை வைத்தியர் ராமச்சந்திரனும் அவரது குழுவினரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேர் அதிற் பங்குபற்றினார்கள். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைக்கொண்டவர்களில் வருத்தம் வரும் வாய்ப்பு மூன்று வருடத்தில் 28.5 வீதத்தால் குறைந்தது. அவர்களும் எம்மைப் போலச் சோறு உண்பவர்கள்.

வெட்கமும் நாயும்

எமது ஊர்களில் பெரிய தடை வேறு. காரணமில்லாமல் வீதியில் நடப்பவரைக் கண்டால் "என்ன, சைக்கிள் காத்துப் போட்டுதோ?" என்று கேட்பார்கள். "டொக்டர் சொன்னவரோ? சீனியோ?" என்பது அடுத்த கேள்வி. பெண்களுக்கு இது இன்னும் கடினம். வீட்டு வேலை முழுவதையும் செய்பவர் நடக்கப் போனால் "வேலையில்லை போலே" என்பார்கள். அவ்வேலையில் பெரும்பகுதி இன்று அடுப்படியில் நின்றபடியும் இருந்தபடியும் நடக்கின்றது என்பதை எவரும் எண்ணுவதில்லை. அதோடு கட்டாக்காலி நாய்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் மூன்று பெண்கள் இதற்கு நல்ல வழி கண்டார்கள். பின்னேரம் பாடசாலை விட்ட பின்னர், அதிபரிடம் அனுமதி பெற்று மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். மதில் இருந்தது, நாய் இல்லை, கேட்பாருமில்லை. இரண்டு மாதத்தில் பதினொரு பேரானார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் படலையில் வந்து கூப்பிடுவார். "அக்கா, வாறியளோ இல்லையோ?" என்ற அந்தச் சத்தம் எந்த அறிவுரையிலும் பலமானது. நடையை விடக் கதைதான் அதிகம் என்று கணவன்மார் பகிடி பண்ணுகிறார்களாம். கதைத்துக்கொண்டு நடப்பதுதான் சரியான வேகம் என்பதை மேலே சொல்லியிருக்கின்றோம்.

இடையில் விடுபடும். மாரி வரும், காய்ச்சல் வரும், செத்தவீடு வரும். இலண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எமது அனுபவமும் அதுவே. விட்ட நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக நடக்கவேண்டாம். நீண்ட நாள் விட்டவர் மறுபடியும் பாதியில் இருந்து தொடங்கவேண்டும், அவ்வளவே.

சில எச்சரிக்கைகள்

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் நோவு, மயக்கம் ஏற்பட்டால் நின்று, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "வாய்வு" என்று சோடா குடித்துப் படுக்கவேண்டாம். இருதய நோய், கூடிய பிரஷர் உள்ளவர்கள் தொடங்குமுன் தமது கிளினிக்கில் கேட்பது அவசியம். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்களுக்கு வெறுவயிற்றில் நடந்தால் சீனி மிகவும் குறைந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம். சட்டைப் பையில் இரண்டு ரொபி இருக்கட்டும். கால் விறைப்புள்ள சீனி வருத்தக்காரர் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. வந்தபின் பாதத்தின் அடியைப் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். இதுவரை சோதிக்காதவர்கள், அரச வைத்தியசாலைகளில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பார்க்கும் நிலையங்களுக்கு ஒரு காலையில் போய்வரலாம். எமது மூன்றாமவர் போனார். போனது நல்லதாயிற்று.

அடுத்த வருடம் சிறுபோகத்துக்கு நீர் திறந்த நாளில் அதே குளத்துக்கு மறுபடியும் போனோம். ஐயா வழமைபோல முன்னால் ஏறினார். வான் கட்டில் புதிதாகப் பூசிய சீமெந்து எப்படியிருக்கிறது என்று மேலே நின்று கேட்டார். இருவர் உடனே மறுமொழி சொன்னோம். ஒருவர் மட்டும் பாதிக் கட்டில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் யாரென்பதை இங்கு எழுதுவதாயில்லை.